கார் ஏசியில் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்றால் உண்மையில் என்ன?

கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “கேஸ் தீர்ந்திருக்கும், ஏத்திட்டா சரியாயிடும்.” இதோடு இன்னும் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை கேஸ் மாற்ற வேண்டும் என்பது ஒன்று. கடையில் கிடைக்கும் சிறிய கேனை வாங்கி, அதோடு வரும் மீட்டரின் முள் பச்சைப் பகுதிக்கு வரும்வரை ஏற்றினால் வேலை முடிந்தது என்பது இன்னொன்று. மூன்றுமே தவறு. ஆனால் மூன்றிலும் ஓர் அரை உண்மை ஒளிந்திருக்கிறது, அதனால்தான் இவை இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன.

வீட்டில் கேஸ் ஏற்றவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சில நேரங்களில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கேனுக்குள் என்ன இருக்கிறது, அது காருக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்தால், சின்னச் செலவில் முடிய வேண்டியது கம்ப்ரஸரையே மாற்றும் அளவுக்குப் போய்விடும்.

சமையல் சிலிண்டரிலிருந்து தொடங்கலாம்

சமையல் கேஸ் சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புவது கைக்குத் தெரியும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். அடுப்பைத் திறந்ததும் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குழாய் வழியே வருகிறது. பெரிய அடுப்பை நீண்ட நேரம் எரியவிட்டால் சிலிண்டரின் கீழ்ப்பகுதி சில்லிட்டு, வெளிப்புறத்தில் நீர்த்துளி கோத்து நிற்கும். திரவம் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அதைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அது உறிஞ்சிக்கொள்கிறது. உலகில் உள்ள பெரும்பாலான ஏசிகளும் ஃபிரிட்ஜுகளும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் ஓடுகின்றன.

அதே சிலிண்டரில் கவனிக்க இன்னொன்று உண்டு. முழுசாக இருக்கும்போதும் பாதி காலியான பிறகும் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதன் வெப்பநிலைதான், அளவு இல்லை. அதனால்தான் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாம் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், விற்பவர்கள் எடை போட்டு விற்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஏசியைப் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

காருக்குள் ஓடும் சுற்று

ஏசிக்குள் ஓடும் பொருளுக்குக் குளிரூட்டி என்று பெயர். மெக்கானிக்குகள் கேஸ் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முன்பு கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது என்பதால் 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1990களில் அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் காற்றில் கலந்தால், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். அதனால் அண்மைக்காலக் கார்கள் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸுக்கு மாறிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது.

ஆர்-134ஏ திறந்தவெளியில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அதன் கொதிநிலையும் ஏறும். சுமார் 2 பார் அழுத்தத்தில் வைத்தால் 0 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 15 பாருக்கு ஏற்றினால் கொதிநிலை 58 டிகிரி வாக்கில் போய் நிற்கும். (பார் என்பது அழுத்தத்தின் அலகு. ஒரு பார், சுமார் 14.5 பிஎஸ்ஐ. இங்கே சொல்வதெல்லாம் மீட்டர் காட்டும் அழுத்தம்.) இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஏசியின் வேலை முழுவதும் நடக்கிறது.

கம்ப்ரஸர் ஒரு பம்ப். பெரும்பாலான கார்களில் என்ஜின் பெல்ட்டால் சுற்றும். ஆவியாக வரும் கேஸை அது அழுத்திச் சூடாக்கி, கண்டென்சருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலைபோன்ற பகுதிதான் கண்டென்சர். அழுத்தம் அதிகமாக இருப்பதால், கேஸ் இப்போது 58 டிகிரியிலேயே திரவமாகத் தயார். வெளிக்காற்று 40 டிகிரி என்றாலும் அதைவிடக் குளிர்ச்சிதானே! அதனால் கேஸ் தன் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிவிடுகிறது. கொளுத்தும் வெயிலிலும் காருக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ள முடிவதன் சூட்சுமம் இதுதான்.

அந்தத் திரவம் அடுத்து எக்ஸ்பான்ஷன் வால்வ் என்ற மிகக் குறுகிய வழியில் நுழைகிறது. அதைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, கொதிநிலையும் கூடவே இறங்குகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் கேஸ் கொதித்து ஆவியாகி, நம் முகத்துக்கு வரும் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரஸர். வால்விலிருந்து காயில் வழியாகக் கம்ப்ரஸர் வரையுள்ள பாதியை லோ சைடு என்பார்கள், கம்ப்ரஸரிலிருந்து வால்வ் வரையுள்ள பாதியை ஹை சைடு என்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரே கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை எடுக்கிறது, முன்னால் போய்த் திரவமாகும்போது அதை வெளியே கொட்டுகிறது.

தீராதது எப்படிக் குறைகிறது?

இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. அதனால் வருடா வருடம் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கோ வழியாக வெளியே போயிருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, அரை உண்மை எங்கே இருக்கிறது? கார் ஏசி வீட்டு ஃபிரிட்ஜைப் போல முழுக்கப் பற்றவைத்த குழாய் இல்லை. அதிரும் என்ஜினோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதால் நடுவில் ரப்பர் குழாய்கள், இணைப்புகளில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள், கம்ப்ரஸரின் சுழலும் தண்டில் ஒரு சீல் எல்லாம் இருக்கின்றன. இவற்றின் வழியே மிக மெதுவாகக் கொஞ்சம் கசியும். ஒற்றைக் கூலிங் காயில் உள்ள காரில் இந்தக் கசிவு ஆண்டுக்கு 40 கிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய விதி ஒன்று உண்டு. எனவே ஏழெட்டு வருடம் ஓடிய கார், குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்த ஓட்டையும் இல்லாமலேயே, கொஞ்சம் குளிர்ச்சி இழந்திருக்கலாம். இத்தகைய காருக்கு ஒருமுறை கேஸ் ஏற்றினால் அப்புறம் சில வருடம் நன்றாகவே ஓடும்.

போன மாதம் ஏற்றியது இந்த மாதம் போய்விட்டது என்றால் கதை வேறு. முன்னால் இருக்கும் கண்டென்சரில் கல் பட்டிருக்கலாம். ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கலாம். கேஸ் ஏற்றும் முனையில் உள்ள சின்ன வால்வே ஒழுகலாம். டேஷ்போர்டைக் கழற்றாமல் பார்க்க முடியாத கூலிங் காயிலில் துளை விழுந்திருக்கலாம். கேஸோடு கலந்து ஓடும் எண்ணெயும் ஒழுகும் இடத்தில் கூடவே வெளியே வரும். குழாய் இணைப்பில் தூசி ஒட்டிப் பிசுபிசுப்பாகக் கறுத்திருந்தால் அங்கே சந்தேகப்படலாம்.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்ரஸருக்கு உயவு தருவது அதுதான், சுற்று முழுவதும் அதைச் சுமந்து செல்வது கேஸ்தான். கேஸ் மிகவும் குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது, கம்ப்ரஸர் உலர்ந்து தேயும். இதைத் தடுக்கத்தான் கார்களில் ஓர் அழுத்த சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது கம்ப்ரஸரை ஓடவே விடாது.

மீட்டர் காட்டுவது எதை?

இப்போது கேனோடு வரும் அந்த மீட்டருக்கு வருவோம். அது அளப்பது அழுத்தத்தை. நமக்குத் தெரிய வேண்டியது எத்தனை கிராம் இருக்கிறது என்பது. சிலிண்டரில் பார்த்ததுபோல, திரவம் இருக்கும்வரை ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

என்ஜின் நின்றிருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 25 டிகிரி என்றால் ஆர்-134ஏ உள்ள சுற்றில் அழுத்தம் சுமார் 82 பிஎஸ்ஐ இருக்கும். 35 டிகிரியில் அதே கார், அதே கேஸ், சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். யாரும் எதையும் ஏற்றவில்லை, பொழுது ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம், 500 கிராம் இருக்க வேண்டிய சுற்றில் 200 கிராம்தான் மிச்சம் என்றாலும் 25 டிகிரியில் முள் அதே 82-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

சரி, ஏசியை ஓடவிட்டு லோ சைடில் அளந்தால்? கொஞ்சம் தேவலாம், ஆனால் முழுதாக நம்ப முடியாது. வெளிவெப்பம், காற்றின் ஈரப்பதம், என்ஜினின் வேகம், உள்ளே ஃபேன் எந்த எண்ணில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எல்லாமே முள்ளை நகர்த்தும். இன்றைய பல கார்களில் கம்ப்ரஸர் தன் வேகத்துக்கும் தேவைக்கும் ஏற்பத் தான் பம்ப் செய்யும் அளவைத் தானே கூட்டிக் குறைத்து, லோ சைடு அழுத்தத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கவே முயலும். கேஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் முள் நல்ல பிள்ளையாகப் பச்சையிலேயே நிற்கும்.

இன்னும் மோசமான நிலை, கோளாறு வேறெங்கோ இருக்கும்போது. எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைத்துக்கொண்டால் லோ சைடு அழுத்தம் விழும். முள் குறைவாகக் காட்டுகிறதே என்று கேஸுக்கு மேல் கேஸ் ஏற்றுவார்கள். கம்ப்ரஸர் தேய்ந்து பலம் இழந்திருந்தால் லோ சைடு அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். கேஸ் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். கம்ப்ரஸர் ஓடவே இல்லை என்றாலோ முள் நேராகச் சிவப்புக்குப் போய் நிற்கும், ஏனென்றால் அது காட்டுவது நின்றிருக்கும் சுற்றின் அழுத்தத்தை. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது என்றால், பானட்டைத் திறந்ததும் தெரியும் ஒரு ஸ்டிக்கரில். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரணக் கார்களில் பெரும்பாலும் 400-க்கும் 800-க்கும் இடையில் இருக்கும். நல்ல பட்டறையில், உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் இயந்திரத்தால் வெளியே இழுத்து, எடைபோட்டு, ஸ்டிக்கரில் உள்ள அளவை அப்படியே திரும்ப ஏற்றுவார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே ஊற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதல்லவா?

ஆக, மீட்டர் அழுத்தத்தைச் சொல்லும், தராசுதான் அளவைச் சொல்லும்.

கூடினாலும் குளிராது

கொஞ்சம் அதிகமாகவே ஏற்றிவிட்டால் இன்னும் ஜில்லென்று இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. கண்டென்சரில் ஆவி திரவமாக மாற இடம் வேண்டும். தேவைக்கு மேல் திரவம் சேர்ந்து அதன் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டால், வெப்பத்தை வெளியே விடும் பரப்பு சுருங்குகிறது. ஹை சைடு அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரஸர் திணறுகிறது, உள்ளே வரும் காற்றின் குளிர்ச்சி குறைகிறது. அழுத்தம் எல்லை மீறினால் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். திரவமாகவே கம்ப்ரஸருக்குள் கேஸ் நுழைந்தால் அது உடையவும் கூடும், ஏனென்றால் ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது.

குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. அறிகுறி ஒன்று என்பதால், கூடியதைக் குறைந்ததாக நினைத்து இன்னொரு கேன் வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள்.

வாக்யூம் எதற்கு?

சுற்றைத் திறந்து வேலை செய்தாலோ, கேஸ் முழுக்கப் போய்விட்டாலோ, உள்ளே காற்று புகுந்திருக்கும். காற்று அந்த அழுத்தத்தில் திரவமாகாது. கண்டென்சரில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். அதோடு வரும் ஈரம் இன்னும் கெட்டது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும். எண்ணெயோடும் கேஸோடும் வினைபுரிந்து அமிலம் உண்டாக்கி உலோகத்தை அரிக்கும். ஈரத்தை உறிஞ்ச டிரையர் என்ற சிறு பகுதி சுற்றிலேயே உண்டு, ஆனால் அதன் கொள்ளளவு கொஞ்சம்தான்.

இதற்குத்தான் வாக்யூம் போடுவது, அதாவது பம்பால் உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்குவது. வெற்றிடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பம்பை நிறுத்திய பிறகு வெற்றிடம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்தால் பெரிய ஒழுகல் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சிறிய கேனால் இந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே ஏசி முழுக்கக் காலியான காருக்கு வெறும் கேன் போதாது.

கேன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குளிரவில்லை என்றதும் கேஸைச் சந்தேகிப்பது சுலபம், ஆனால் எளிய காரணங்களை முதலில் கழித்துவிடலாம். காற்றே பலமாக வரவில்லை என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறது என்றால் கண்டென்சரின் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கண்டென்சரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் படிந்திருந்தாலும் இதே கதிதான். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் வெதுவெதுப்பாக வந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் தகடு மாட்டிக்கொண்டிருக்கலாம். சில கார்களில் கேஸ் குறைந்தாலும் அப்படி வரும். ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிச் சில நொடியில் நின்று மறுபடி ஓடுகிறது என்றால், கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கிறது.

வீட்டில் ஏற்றத்தான் போகிறீர்கள் என்றால்

ஆர்-134ஏ ஓடும் கார், பல வருடங்களில் மெல்ல மெல்லக் குளிர்ச்சி குறைந்தது, கம்ப்ரஸர் இன்னும் ஓடுகிறது, ஒழுகல் தடயம் இல்லை. வீட்டில் கேனை எடுக்க இப்படிப்பட்ட கார்தான் ஏற்றது.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். தெறிக்கும் திரவம் தோலில் பட்டால் மைனஸ் 26 டிகிரியில் கொதித்து, அந்த இடத்தை உறையவைக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் தரையை ஒட்டித் தேங்கி மூச்சுத் திணறவைக்கும். வேலை திறந்தவெளியில் நடக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். சுடரில் பட்டால் இந்தக் கேஸ் நச்சு வாயுவாகச் சிதையும்.

கேனை இணைக்க வேண்டியது லோ சைடில் மட்டும். ஆர்-134ஏ கார்களில் இரண்டு முனைகளும் வெவ்வேறு அளவில் இருக்கும், லோ சைடு முனை சிறியது. கேனோடு வரும் குழாய் அதில்தான் பொருந்தும். பொருந்தவில்லையே என்று ஏதாவது அடாப்டர் தேடிப் பெரிய முனையில் மாட்டாதீர்கள். ஹை சைடு அழுத்தம் கேனுக்குள் திரும்பிப் பாய்ந்தால் கேன் வெடிக்கும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கேன் குறிப்பில் சொன்னபடி முதலில் வெளியேற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஏசியை அதிகபட்சக் குளிருக்கும் ஃபேனை முழு வேகத்துக்கும் வையுங்கள். கேனை நிமிர்த்தியே பிடியுங்கள், அப்போதுதான் ஆவி போகும். தலைகீழாகக் கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குப் போகும். ஏறுவது மெதுவாகிறது என்று கேனைச் சூடுபடுத்தத் தோன்றும். வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேல் போகாதீர்கள், 50 டிகிரி என்பது பொதுவாகக் கேனிலேயே எழுதியிருக்கும் எல்லை.

மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், கேனைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் எடை போடுங்கள். எத்தனை கிராம் உள்ளே போனது என்பது துல்லியமாகத் தெரியும். ஐம்பது கிராம் போனதும் நிறுத்தி, நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சில நிமிடம் பாருங்கள். வெப்பநிலை இறங்கினால் இன்னும் கொஞ்சம். இறங்குவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள், கேனில் மிச்சம் இருந்தாலும் சரி. நூறு நூற்றைம்பது கிராம் போயும் மாற்றமே இல்லை என்றால் கோளாறு கேஸில் இல்லை, அதற்கு மேல் ஏற்றுவது வீண்.

கை வைக்காமல் விட வேண்டியவை

கேஸோடு ‘ஒழுகலை அடைக்கும் மருந்து’ கலந்த கேன்களும் விற்கிறார்கள். ஈரமும் காற்றும் பட்டதும் அது இறுகும், அதனால்தான் ஓட்டையை அடைக்கிறது. சுற்றுக்குள் ஈரம் இருந்தால் வால்வையும் அடைக்கும். அப்புறம் பட்டறையில் கேஸை வெளியே இழுக்கும் இயந்திரத்துக்குள்ளும் போகும். அந்த மருந்து போட்ட காரைத் தொட மாட்டோம் என்று சொல்லும் பட்டறைகள் இருப்பது இதனால்தான். புரோப்பேன், பியூட்டேன் கலந்த மாற்றுக் கேஸ்கள் நன்றாகவே குளிரூட்டும், ஆனால் எரியும். கூலிங் காயில் ஒழுகினால் அந்தக் கேஸ் நேராகப் பயணிகள் இருக்கும் இடத்துக்கு வரும். அதற்காக வடிவமைக்காத காரில் அதை ஏற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஏற்றும் முனைகளும் வேறு. இரண்டு கேஸ்களையும் கலக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டவிரோதம்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்கள் தனி ரகம். அவற்றில் கம்ப்ரஸரை உயர் மின்னழுத்த மோட்டார் சுற்றுகிறது, அந்த மோட்டாரின் சுருள்கள் கேஸும் எண்ணெயும் ஓடும் அதே கூட்டுக்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலும் அங்கே மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் இருக்கும். சாதாரணக் கார்களுக்கான கேன்களில் கலந்து வரும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் உள்ளே போனாலும் மின்காப்பு பலவீனமாகி, கார் கோளாறு விளக்கைப் போட்டு நின்றுவிடலாம். பல எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிரவைப்பதும் இதே ஏசிச் சுற்றுதான். அந்தக் கார்களின் பானட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.